நாலாம் படியில் ஒரு கோச்

பி.காம். படித்த பாவம், எதைப் பார்த்தாலும் வரவு-செலவு போடத் தோன்றுகிறது. கிரஹாம் பாட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது!

இங்கிலாந்தில் யுனிவர்சிட்டி வேலை. வயசு முப்பத்தஞ்சு (என் வயசுதான் சார்). கைக்குழந்தை வேறு. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு 2011-ல் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட் ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாகப் போனார். டீம் ஆடியது 'டிவிஷன் 2'. பெயரை நம்பாதீர்கள், மேலேயிருந்து எண்ணினால் அது நாலாவது படி! அதுவும் முந்தின சீசனில்தான் மூணாவதிலிருந்து சறுக்கி விழுந்திருந்தது. அந்த ஊர்ப் பனிக்கு ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபருக்குள் ஆடி முடித்தாக வேண்டும். அந்த ஆறேழு மாசத்துக்குள் டீமை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மூணாம் படி ஏற்றிவிட்டார் மனுஷர். 2012-ல் இன்னொரு படி. 2017-ல் ஸ்வீடிஷ் கோப்பை. 2018-ல் லண்டனுக்கே போய் ஆர்சனலை 2-1 என்று ஜெயித்தார்கள். (முதல் ஆட்டத்தில் 0-3 வாங்கியிருந்ததால் வெளியேறினார்கள், அது வேறு விஷயம்.)

ஆடிட்டர் ஆபீஸை விட்டுவிட்டு எழுத வந்தவன் நான். விடுவேனா? மனைவியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"அவருக்கு மூணு வருஷ அக்ரிமென்ட்டுன்னு போட்டிருக்கே... உங்களுக்கு?" என்றாள்.