கரும்பு வெட்டப் போனவர்களின் தீவில் ஓர் அருவி

விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு அருவி என்றாலே தூரம்தான். கல்வராயன் மலை ஏறி மேகம் அருவியைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஒகேனக்கல், குற்றாலம் என்று பஸ் பிடிக்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் எங்களுக்குப் பழகிய சத்தம் இரண்டுதான். ஒன்று ரயில், இன்னொன்று அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலை. இந்த ஊரிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் 110 மீட்டர் உயர அருவியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் மகன்தான் ஏற்பாடு செய்தான். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் கிளம்பி, ஏழு இரவுகளில் சில தீவுகளைச் சுற்றிக் காட்டும் சொகுசுக் கப்பல். நானும் என் கணவரும், மகன், மருமகள், 11 வயதுப் பேத்தி என்று ஐந்து பேர். கப்பல் ஒவ்வொரு தீவிலும் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் எங்கே போவது என்பதை முன்பே பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். மற்ற தீவுகளில் கடற்கரையோடு சரி. குவாதலூப்புக்கு மட்டும், வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து கார்பே அருவியைப் பார்க்கும் பயணத்தை மருமகள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

என் கணவருக்கு மூட்டு வலி உண்டு. "நீங்க கப்பல்லயே ஓய்வெடுங்களேன் மாமா" என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். "நாப்பது வருஷம் கரும்பு கொல்லையில சேத்துல நடந்த காலும்மா இது. நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

குவாதலூப் பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. செலவாவது யூரோ, பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். வரைபடத்தில் பார்த்தால் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும். கிழக்கு இறக்கை கிராந்த் தேர், சமவெளி. மேற்கு இறக்கை பாஸ் தேர், முழுக்க மலையும் மழைக்காடும். அங்கேதான் 1,467 மீட்டர் உயரமுள்ள லா சூஃப்ரியேர் எரிமலை இருக்கிறது. 1976-ல் அது சீறியபோது 70 ஆயிரம் பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த எரிமலையின் சரிவில்தான் கார்பே ஆறு மூன்று அருவிகளாக விழுகிறது. முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110 மீட்டர், மூன்றாவது 20 மீட்டர். 1493 நவம்பரில் கொலம்பஸ் இந்தத் தீவை நெருங்கியபோது, மலையிலிருந்து விழும் தண்ணீர் கடலிலிருந்தே அவர் கண்ணில் பட்டதாம். அதற்கு முன்பு இங்கே வாழ்ந்த பழங்குடியினர் தீவுக்கு வைத்திருந்த பெயர் கருகேரா. அழகான தண்ணீர் உள்ள தீவு என்று பொருள்.

புவாந்தா பித்ர் துறைமுகத்தில் இறங்கியதும் சிறிய பஸ் ஒன்றில் ஏற்றினார்கள். வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலம் சரளமாகப் பேசினார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மகன் "மெட்ராஸ்" என்று சுருக்கமாகச் சொன்னான். "பாண்டிச்சேரிக்குப் பக்கத்திலா?" என்று அவர் உடனே திருப்பிக் கேட்டதும் எங்களுக்கு ஆச்சரியம். முண்டியம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம்தானே! "என் பாட்டியின் முன்னோர்கள் அங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள்" என்றார். நிறத்தைத் தவிர அவர் முகத்தில் எனக்கு வேறு எதுவும் பிடிபடவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை.

பிரான்ஸ் தன் தீவுகளில் 1848-ல் அடிமை முறையை ஒழித்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்த்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று பேச்சு. முதல் கப்பலின் பெயர் ஒரேலி. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்து, 1854 டிசம்பர் 24 அன்று, நாங்கள் இறங்கிய அதே புவாந்தா பித்ரில் வந்து நின்றது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் இப்படி வந்து இறங்கினார்கள். பின்னாளில் கல்கத்தா வழியாகவும் ஆட்கள் வந்தாலும், ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நோயிலும் வேலைக் கடுமையிலும் ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு நின்றது. என் கணவர் எழுந்து நின்று பார்த்தார். "கரணை வச்சதா, மறுதாம்பான்னு கேளுடா" என்றார். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைப்பதைத்தான் எங்கள் பக்கம் மறுதாம்பு என்போம். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, ஒருமுறை நட்டால் பல வருடம் வெட்டுவோம் என்றார். இங்கே கரும்புச் சாற்றிலிருந்தே நேராக ரம் காய்ச்சுகிறார்களாம்.

கபெஸ்தேர் ஊரை நெருங்கும்போது கரும்பு போய் வாழைத் தோட்டங்கள் வந்தன. சாலையோரம் திடீரென்று வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில். ஷான்ஜி என்ற இடத்தில் உள்ள மாரியம்மன் கோயில் அது. பஸ் நிற்கவில்லை. "திட்டத்தில் இது இல்லை. அருவியில் நேரம் மிச்சமானால் திரும்பும்போது பத்து நிமிடம் நிறுத்துகிறேன்" என்றார் வழிகாட்டி. நாலரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். அருவியில் வேகமாக நடந்தால்தான் அம்மன் தரிசனம்!

மலைப் பாதை முடியும் இடத்தில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். இரண்டாவது அருவிக்குச் சாதாரணமாக 20 நிமிட நடைதான். எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. படிகள், பலகைப் பாலங்கள், வழுக்கும் வேர்கள். பனைமரம் போல உயர்ந்து நிற்கும் பெரணிகளை அங்கேதான் பார்த்தேன். மழை நிற்கும், உடனே மறுபடி பிடிக்கும். என் கணவர் பக்கவாட்டில் கால் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். பேத்தி அவர் கையை விடவே இல்லை.

பார்வை மேடைக்குப் போனால் எதிரே வெறும் வெள்ளை மூட்டம். சத்தம் கேட்கிறது, அருவியைக் காணோம். குழுவில் சிலர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கேயே காத்திருக்கலாம், மேகம் விலகலாம். அல்லது இப்போதே கிளம்பினால் கோயிலுக்கு நேரம் இருக்கும்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு தூரம் வந்தது அருவிக்காகத்தானே என்று மகனுக்கு எண்ணம். என் கணவர் மட்டும், "தண்ணி எங்கயும் ஓடிடாதுடா, நாம போலாம்" என்றார்.

திரும்பி இருபது படி ஏறியிருப்போம். பேத்தி "ஆயா, லுக்!" என்று கத்தினாள். மூட்டம் திரை விலகின மாதிரி விலகியது. பச்சைப் பாறைச் சுவரின் நடுவே ஒரே வெள்ளைக் கோடாக, உச்சியிலிருந்து அடிவரை அருவி. இரண்டு நிமிடம் இருந்திருக்கும். மறுபடி மூடிக்கொண்டது. அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறைகள் பெயர்ந்து விழுவதால், அருவியின் காலடிக்குப் போக அனுமதி இல்லை. எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

கோயிலில் பத்து நிமிடம் கிடைத்தது. மாரியம்மனை அவர்கள் மாலியேமா என்கிறார்கள். மதுரை வீரனும் உண்டு, பெயர் மால்தேவிலன் ஆகிவிட்டது. திருவிழாவில் அடிக்கும் பறைக்குப் பெயர் தப்பு, கூடவே மத்தளம். ஆடும் சேவலும் நேர்ந்துகொள்ளும் வழக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமக் கோயிலை நினைத்துக்கொண்டேன், வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அங்கிருந்த யாருக்கும் தமிழ் பேச வரவில்லை. பூஜையில் சொல்லும் தமிழ் வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பதாக வழிகாட்டி சொன்னார்.

இந்தத் தீவில் பிறந்த தமிழர் பிள்ளைகளுக்கு வெகுகாலம் வாக்குரிமைகூட இல்லை. இதே கபெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்குத் தொடுத்து, 1923 வரை போராடி, பிரெஞ்சுக் குடியுரிமையை வாங்கிக் கொடுத்தார். பெயர், கோயில், குழம்பு எல்லாம் நின்றன. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பஸ்ஸில் பேத்தி ஆங்கிலத்தில் கேட்டாள், "அவங்க ஏன் தமிழை விட்டாங்க?" யாரும் விரும்பி விடவில்லை, தோட்டத்தில் பேச விடவில்லை, பள்ளியில் சொல்லித் தரவில்லை என்று மகன் விளக்கினான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்களை யாரும் தடுக்கலையே" என்றாள். மகனும் மருமகளும் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி கப்பலில், சாப்பாட்டு மெனுவின் பின்பக்கத்தில் அ, ஆ எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். 'ஈ' எழுதத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வழுக்காத ஷூ, மழைக் கோட்டு, மாற்றுத் துணி கட்டாயம். காலையிலேயே போவது நல்லது. பகல் ஏற ஏற மேகம் இறங்கிவிடும். வெளியே தனியாக டாக்ஸி பிடித்தால் கட்டணம் குறையலாம், ஆனால் தாமதமானால் கப்பல் நிற்காது. குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்தது என்றாலும் ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு 'கொலொம்போ' என்று கேட்டால் மஞ்சளும் மல்லியும் மணக்கும் கறி வரும். அந்தப் பெயர் குழம்பிலிருந்து வந்தது என்பார்கள், கொழும்பிலிருந்து என்பாரும் உண்டு. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.