ஏழு நாள் வீடும் கூரை நீரும்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் அச்சொல்லைப் புதியதாகப் புனையப்படும் இலக்கியத்திற்குப் பெயராக வழங்குகிறது. வீட்டிற்குப் புதியராய் வருவோரை விருந்து என அழைத்தது அப்பொருளின் வழிவந்த வழக்கேயாகும். விருந்தினர் என்று ஒருவர் இருந்தால் அவரை ஏற்பார் ஒருவரும் இருத்தல் வேண்டும். வாயிலில் நின்று வரவேற்கும் முகமும், அடுக்களையில் எழும் பாத்திர ஓசையும், "இன்னும் சிறிது உண்ணுங்கள்" என்னும் அன்பு வற்புறுத்தலும் கூடிய இடத்தில்தான் விருந்து என்னும் சொல் நிறைவு பெறுகிறது. ஏற்பார் எவருமின்றி வீடு மட்டுமே விருந்தோம்ப இயலுமா? கரிபியன் கடலில் உள்ள சிறுதீவு ஒன்றில், வாடகைக்கு எடுத்த விடுமுறை வீட்டில் ஏழு நாள்கள் தங்கியிருந்தபோது நம் நெஞ்சில் எழுந்த வினா இது.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்காவில் பணியாற்றும் நம் தம்பி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி இப்பயணத்திற்கு ஏற்பாடு செய்தார். எழுபத்தெட்டு வயதை எட்டியிருந்த நம் உம்மா, பேரப்பிள்ளைகள் அனைவரையும் ஒரே கூரையின்கீழ் ஒரு கிழமையேனும் காண வேண்டுமென விரும்பியதே அதற்குக் காரணம். தங்கும் விடுதியில் அறைகள் எடுத்தால் குடும்பம் நான்கு கதவுகளுக்குப் பின்னே பிரிந்து போகும். முழு வீட்டையே எடுத்துக்கொண்டால் ஒன்பதின்மரும் ஒன்றாய் இருக்கலாம். நமக்கு ஏற்ற உணவை நாமே சமைத்தும் உண்ணலாம். 'வில்லா' என வழங்கும் அத்தகைய வீடுகளுள் பல தொலைவில் வாழ்வோர்க்கு உரியவை. உரிமையாளர் ஆண்டில் சில கிழமைகள் வந்து தங்குவார். ஏனைய கிழமைகளில் வீடு வாடகைக்கு விடப்படும். நாம் தங்கிய வீட்டின் உரிமையாளரை நாம் கண்டதில்லை. அவர் குரலைக் கேட்டதுமில்லை.

கொலம்பசு 1493-இல் கண்டு பெயரிட்ட கன்னித் தீவுகளுள் ஒன்று செயின்ட் ஜான். அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வானூர்தி நிலையம் இல்லை. அண்டைத் தீவாகிய செயின்ட் தாமசில் இறங்கி, ரெட் ஹூக் துறையிலிருந்து படகில் இருபது நிமிடம் கடலைக் கடந்து குரூஸ் பே என்னும் சிற்றூரை அடைய வேண்டும். தீவின் பெரும்பகுதி 1956-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால், மலைகள் இன்றும் காடு போர்த்து நிற்கின்றன. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டதாயினும் அங்கே சாலையின் இடப்பக்கமாகவே வண்டி ஓட்ட வேண்டும். வண்டிகளோ அமெரிக்க முறைப்படி இடப்பக்கத்தில் சுக்கான் உடையவை. செங்குத்தான வளைவு ஒவ்வொன்றிலும் நம் தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்ட, எதிரே வந்து நின்ற காட்டுக் கழுதைகள் மட்டும் எவ்வித அச்சமுமின்றி நம்மை ஏறிட்டுப் பார்த்தன.

வீடு மலைச்சரிவில் இருந்தது. முன்புறம் அகன்ற திண்ணை போன்ற தளம். அதன் கீழே மரங்கள். மரங்களுக்கு அப்பால் நீலமும் பச்சையும் கலந்த கடல். சாளரங்களுக்குக் கண்ணாடியைவிட மரச்சட்டங்களே மிகுதி. கடற்காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுமாறு அறைகள் அமைந்திருந்தன. பல்லிகள் வாடகையின்றிக் குடியிருந்தன. மஞ்சள் வயிற்றுச் சிறுகுருவி ஒன்று நாள்தோறும் காலை உணவு மேசைக்கு வந்து சர்க்கரையைக் கொத்திச் சென்றது. சேவல்கள் விடியும் வரை காத்திராமல் நள்ளிரவு கடந்ததுமே கூவத் தொடங்கின. வரவேற்க வேண்டிய உரிமையாளருக்கு மாற்றாக, மேசைமீது ஒரு தடித்த கையேடு கிடந்தது. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, குப்பையை எங்கே இடுவது, புயல் எச்சரிக்கை வந்தால் சாளரக் காப்புக் கதவுகளை எவ்வாறு பூட்டுவது என்பனவெல்லாம் அதில் இருந்தன. அவை அனைத்திற்கும் முதலாக, முதற்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துக.

அத்தீவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மலைவீடுகள் தம் கூரையில் விழும் மழையையே நம்பி வாழ்கின்றன. கூரையின் நீர் குழாய்கள் வழியே இறங்கி, வீட்டின் அடித்தளத்தில் கட்டப்பட்ட பெருந்தொட்டியில் சேர்கிறது. கூரையின் பரப்புக்கு ஏற்ற அளவில் தொட்டி கட்டுவது அங்கே சட்டப்படி கட்டாயம். ஆகவே அங்கே ஒருவர் வீடு கட்டுகிறார் என்றால் முதலில் தொட்டியைக் கட்டி, அதன்மேல் வீட்டை வைக்கிறார் என்றே கூறலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 அங்குல மழை பெய்யும் நிலம் அது. நாம் சென்ற ஏப்ரலோ கோடையின் கடைக்கூறு. தொட்டி வற்றினால் சரக்குந்தில் தண்ணீர் வரவழைக்க வேண்டும். அதன் விலையும் எளியதன்று.

வீட்டைப் பேணும் அம்மையார் ஒருவர் மூன்றாம் நாள் வந்தார். அத்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். நம் தம்பி மகன் ஓடிச்சென்று, "குளிர்பதனப் பெட்டி ஓசையிடுகிறது, பாருங்கள்" என்றான். அவர் அசையாமல் நின்று, புன்னகையோடு, "காலை வணக்கம்" என்றார். பையனும் நாணத்தோடு வணக்கம் சொன்னான். அதன்பின்னரே அவர் உள்ளே வந்தார். கடையாயினும் படகுத் துறையாயினும் முதலில் முகமன் கூறி, பின்னரே வந்த செய்தியைப் பேசுவது அத்தீவினரின் மாறாத வழக்கம். முகமன் கூறாமல் வினவுவோரை அவர்கள் பண்பற்றவராகவே எண்ணுவர். நம் உம்மாவுக்கு அவ்வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. மொழி தெரியாவிடினும் அன்றிலிருந்து அவ்வம்மையாரைக் கண்டவுடன் எழுந்து நின்று தலையசைத்து வரவேற்கலானார்.

அம்மையார் தளத்தின் மூலையிலிருந்த இரும்பு மூடியைத் திறந்து, குறியிட்ட நீண்ட கோலொன்றைத் தொட்டிக்குள் இறக்கினார். ஈரம் ஏறிய அளவைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒன்பதுபேர், இன்னும் நான்கு நாள். கவனமாக இருந்தால் போதும். உங்களுக்குப் பின் வருவோருக்கும் வேண்டும்" என்றார். அக்கடைசிச் சொற்றொடர் நம்மைச் சிந்திக்க வைத்தது. நாம் அப்போது குடித்துக்கொண்டிருந்தது நமக்காகப் பெய்த மழையன்று. நாம் வருவதற்குப் பல திங்கள் முன்னரே பெய்து, முன்னர்த் தங்கியவர்கள் மிச்சம் வைத்துப் போன மழை. அவர்கள் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவர்தம் சிக்கனமே நம் பிள்ளைகளின் தாகத்தைத் தணித்தது.

அன்று முதல் வீட்டின் ஆட்சி நம் உம்மாவின் கைக்கு வந்தது. பூந்தூறற் குழாய்கள் ஓய்வு பெற்றன. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குவளையும் என்னும் பழைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரிசி களைந்த நீர் செடிக்குப் போயிற்று. ஓரிரவு மின்சாரம் நின்றது. அத்தீவுக்கு மின்சாரம் செயின்ட் தாமசிலிருந்து கடலடிக் கம்பி வழியே வருகிறது. மின்சாரம் இல்லையேல் நீரேற்றியும் இல்லை. தொட்டியில் நீரிருந்தும் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. கயிறு கட்டிய வாளியைத் தொட்டிக்குள் இறக்கி நாம் நீர் சேந்தினோம். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள் விளக்கொளியில் சூழ்ந்து நின்று வியந்து பார்த்தனர். உம்மா தம் தாய்வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், மின்சாரம் மீண்டு வந்த பின்னும் நிறுத்தவில்லை. பிள்ளைகளும் எழுந்து போகவில்லை. அவர் எதற்காக அத்தனை தொலைவு வந்தாரோ அது அன்றிரவு நிறைவேறிற்று.

ஐந்தாம் நாள், தீவின் வடகரையிலுள்ள அன்னபெர்க் கரும்பாலையின் சிதைவுகளைக் காணச் சென்றோம். காற்றாலைக் கோபுரமும் பாகு காய்ச்சும் கூடமும் கூரையிழந்து நிற்கின்றன. சுவர்களில் மலைக்கல்லோடு, கப்பலில் வந்த செங்கற்களும், கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப் பாறைத் துண்டுகளும் பதிந்திருக்கின்றன. அவற்றை அடுக்கிய கைகள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளின் கைகள். ஆண்டவர்கள் டேனியர். அப்பெயர் தமிழ்த்துறை மாணவர்க்குப் புதியதன்று. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டத் தொடங்கியவர்களும், சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கித் தமிழ் அச்சுப்பணிக்கு வழிகோலிய துறைமுகத்தை ஆண்டவர்களும் அவர்களே. தரங்கம்பாடியிலிருந்து கோபன்ஹேகன் சென்ற பருத்தித் துணிகளில் ஒரு பகுதி, ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. நம் நெசவாளர் அறியாமலே அவர் நெய்த துணி மனிதருக்கு விலையாயிற்று என்பதை அச்சுவரின் நிழலில் நின்று எண்ணியபோது, எதிரே தெரிந்த அழகிய கடலும் சற்றுநேரம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

டேனியர் செயின்ட் ஜானில் 1718-இல் குடியேறினர். 1733-இல் வறட்சியும் புயலும் அத்தீவை வாட்டின. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள், விறகுக் கட்டுகளுக்குள் வெட்டுக்கத்திகளை மறைத்துச் சென்ற அடிமைகள் கோரல் பே கோட்டையைக் கைப்பற்றினர்; பல திங்கள் தீவின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தனர். மறு ஆண்டு, மார்த்தினிக்கிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையின் துணையோடுதான் அவர்களை ஒடுக்க முடிந்தது. 1848 சூலை 3-ஆம் நாள் டேனிய மேலைத் தீவுகளில் அடிமை முறை முடிவுக்கு வந்தது. டேனியர் தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். இத்தீவுகளை 1917-இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிற்கு விற்றனர். நிலையானவை என்று எண்ணிக் கட்டிய கோட்டைகளையும் ஆலைகளையும் விட்டு, 199 ஆண்டுகளுக்குப்பின் அவர்கள் அத்தீவினின்று வெளியேறினர். அவர்களும் தங்கிச் சென்றவர்களே. ஆனால் அவர்கள் மிச்சம் வைத்துப் போனது என்ன?

ஆறாம் நாள் வந்த அம்மையார், மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய உணவை ஒரு கிண்ணத்தில் கொணர்ந்தார். 'ஃபங்கி' என்பது அதன் பெயர். உம்மா ஒரு வாய் உண்டு, "இது நம் களியல்லவா!" என்றார். நாம் பொரித்த மீனையும் சோற்றையும் அம்மையாருக்கு இட்டோம். உண்டபின் அவர் 2017 செப்டம்பர் 6-ஆம் நாள் வீசிய இர்மா புயலைப் பற்றிக் கூறினார். மலைகளில் ஓர் இலைகூட மிஞ்சவில்லையாம். அவர் வீட்டுக் கூரை முழுவதும் பறந்து போயிற்றாம். "கூரை போனால் நிழல் மட்டும் போகவில்லை, ஐயா, தண்ணீரும் போயிற்று. மழை பெய்துகொண்டே இருந்தது. அதைப் பிடிப்பதற்குத்தான் எங்களிடம் கூரை இல்லை" என்றார். பலர் வீட்டை விற்றுவிட்டு வேறிடம் சென்றனர் என்றும், நிலத்தின் விலை உள்ளூரார் கைக்கு எட்டாத உயரத்திற்கு ஏறிவிட்டது என்றும் அமைதியாகச் சொன்னார். விடுமுறைக்கு வருவோர் தரும் வருவாயால் வாழும் தீவு அது. அவர்களுக்காக எழும் வீடுகளால் தன் மக்களுக்கே இடம் சுருங்கும் தீவும் அதுவே. அவ்வம்மையார் நாள்தோறும் பேணும் அவ்வீட்டில் அவர் ஓரிரவுகூடத் தங்கியதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம். நம் முதல் வினாவுக்கும் அன்று விடை கிடைத்தது. விருந்தோம்பியவர் அவ்வீட்டின் உரிமையாளரும் அல்லர், வீடும் அன்று.

அன்றிரவு கால்மணி நேரம் மழை பெய்தது. உறங்கியிருந்தோர் எழுந்து, கூரைக் குழாய்களில் நீர் இறங்கும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்தனர். நூறு சதுர மீட்டர் கூரையில் ஐந்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் 500 லிட்டர் நீர் கிடைக்கும் என நம் தம்பி மகன் தாளில் கணக்கிட்டுக் காட்டினான். நம் ஒன்பதின்மருக்கு ஒரு நாளைக்குக்கூட அது போதாது. ஆயினும் அக்கணக்கைப் போட்ட பின் அவன் குழாயைத் திறக்கும் முறையே மாறிவிட்டது. ஏழாம் நாள் புறப்படுமுன், அவனே கோலை இறக்கி அளந்து, அம்மையார் படிப்பதற்காக அளவைக் கையேட்டின் கடைசித் தாளில் எழுதி வைத்தான். அதற்கு மேலே 'காலை வணக்கம்' என்று எழுதவும் அவன் மறக்கவில்லை.

நம் முன்னோர் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்பர். அதை நுகரலாம், அழிக்கலாகாது, திருப்பித் தரும்போது குறைவின்றித் தர வேண்டும். ஏழு நாள் வீடு ஓர் அமானிதம். கல்லூரி விடுதியில் மூன்றாண்டு தங்கும் அறையும், நூலகத்திலிருந்து இரு கிழமைக்கு எடுத்துச் செல்லும் நூலும், பல தலைமுறையினர் அமர்ந்து தேய்ந்த வகுப்பறைப் பலகையும் அத்தகையனவே. மாணவச் செல்வங்களே, நீங்கள் எடுத்த நூலில் ஒரு பக்கம் கிழிபடாமல் இருந்தால், முன்னர்ப் படித்த எவரோ உங்களை எண்ணிப் பேணினார் என்று உணருங்கள். அவர் முகத்தை நீங்கள் காணப்போவதில்லை. உங்களுக்குப் பின் வருவோரும் உங்கள் முகத்தைக் காணப்போவதில்லை. அவர்களுக்கும் தாகம் எடுக்கும் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.