சித்தப்பாவின் வால்வுகள்

சித்தப்பாவின் ஆம்பிளிஃபயரைத் திறக்க எனக்குத் தகுதி இருந்ததா என்று தெரியவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவனுக்கும் 400 வோல்ட் மின்சாரத்துக்கும் என்ன உறவு? ஆனால் ஊரில் வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக்குகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கோ பக்கவாதத்திற்குப் பின் இடக்கை விரல்கள் மடங்குவதில்லை. எழுபதுகளில் மெல்லிசைக் குழுவொன்றில் கிதார் வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மூலம் வாங்கிய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 1966ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பரணில் போர்வைக்குள் கிடந்தது. "ஒரு தடவை அது சத்தத்தைக் கேட்டுட்டா போதும்டா தம்பி" என்றார்.

வீணாய்ப் போயிருந்த கண்டன்சர்களை மாற்றினேன். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு எர்த்துடன் கூடிய மூன்று முள் வயரைப் போட்டேன். நம் 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவரிடமே இருந்தது. புதிதாக ஒரு ஜோடி 6வி6 வால்வுகளைச் செருகி, வேறெதையும் தொடாமல் சுவிட்சைப் போட்டேன். அங்கேதான் தவறினேன். சில நிமிடங்களில் ஒரு வால்வின் உள்ளே சாம்பல் நிறத் தகடு மங்கலாகச் சிவந்தது. விளக்கை அணைத்தபோதுதான் அது நன்றாகத் தெரிந்தது. பதறி அணைத்தேன்.

வால்வு மாறினால் பயாஸை மறுபடி வைக்க வேண்டும். (இதற்குத் தமிழ்ச்சொல் தேடிச் சலித்துவிட்டேன், 'சார்பு' என்றால் கட்சி கட்டுவது போலிருக்கிறது.) கிதார் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் வால்வு வழியே சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தம், இதில் ஏறக்குறைய 35 வோல்ட், அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம். அதிகம் இறுக்கினால் ஒலி வறண்டு கரகரக்கும். தளர்த்தினால் வால்வு தன்னையே எரித்துக்கொள்ளும்.

மறுநாள் மின்சாரத்தைத் துண்டித்து, கண்டன்சர்களில் தங்கியிருந்த மின்னூட்டத்தை மின்தடை வழியே வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கைவைத்தேன். அணைத்த பின்னும் ஆளைக் கொல்லும் பெட்டி அது. ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம் மின்தடையைப் பற்றவைத்தேன். இனி மீட்டர் காட்டும் ஒரு மில்லிவோல்ட், ஒரு மில்லியாம்பியர். ஸ்பீக்கர் இணைப்பை இருமுறை சரிபார்த்தேன். அது இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மகனை அறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

பிளேட்டில் 400 வோல்ட், ஓட்டம் 31 மில்லியாம்பியர். பெருக்கினால் 12.4 வாட். இந்த வால்வுக்குப் பழைய அட்டவணை தரும் உச்சவரம்பே 12 வாட்தான். சிவந்ததில் வியப்பில்லை. அதில் எழுபது சதவீதம் பாதுகாப்பு என்பது பொதுக்கணக்கு; அதாவது 8.4 வாட். பயாஸ் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். ஓட்டம் இறங்க இறங்க வோல்ட் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெருக்க வேண்டும். கடைசியில் 420 வோல்ட், 20 மில்லியாம்பியர். விடைத்தாள் திருத்துகையில் கூட்டல் சரியாக வந்துவிட்ட நிம்மதி.

சித்தப்பாவை நாற்காலியோடு நகர்த்திக்கொண்டு வந்தேன். மடியில் கிதார். வலக்கையால் வெறும் கம்பிகளை ஒருமுறை வருடினார். முகம் மாறவில்லை.

"சுத்தமா இருக்கு. ஆனா இது இல்ல."

"இதுக்கு மேல ஏத்துனா வால்வு சீக்கிரம் போயிடும் சித்தப்பா."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று அவர் கேட்டதே அளவுக்கு மீறிச் சூடேறிய வால்வின் ஒலியாக இருக்கலாம். குழுவில் அப்போது யார் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள்? மீண்டும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். 415 வோல்ட், 22 மில்லியாம்பியர், 9.1 வாட். அதற்குமேல் எனக்குத் துணிவில்லை.

மறுபடி வருடினார். இம்முறை நாதம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு, "ஈ கம்பி இறங்கியிருக்கு, கொஞ்சம் ஏத்து" என்றார்.