பாலித் தீவில் பந்தலுக்கு இடம் தேடி

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிப் பணியில் இருந்தவன் நான். அடமானத்துக்கு வரும் நிலத்தை நேரில் சென்று பாராமல் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. ஆகவே, பாலித் தீவின் கடற்கரையில்தான் திருமணம் நடக்கவேண்டும் என்று என் மகள் கேட்டபோது, "இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணிபுரிகிறாள்; மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பூர்வாசிகள். இரண்டு ஊர்களிலிருந்தும் பாலிக்கு நான்கு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். மூன்று இடங்களிலும் கடிகாரம்கூட ஒரே நேரம்தான் காட்டும். ஆனால், மாயூரத்துக்கு அருகே கிராமத்தில் இருக்கும் எண்பத்துநான்கு வயதான என் தாயாரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய இயலாது. பேத்தியின் கல்யாணத்தைக் காண்பதற்காகவே உயிரை வைத்துக்கொண்டிருப்பதாக அடிக்கடி சொல்பவர் அவர். செய்தியைக் கேட்டதும் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்கே சாமி இருக்காப்பா?"

அந்தக் கேள்வியோடுதான் சென்ற ஆவணியில் நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

புறப்படும் முன்பே ஒரு சங்கடம். விமானத்தில் சூடம் கொண்டுசெல்ல அனுமதி இல்லை; தீப்பற்றும் பொருளாயிற்றே! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழங்காலத்தில் உலகம் போற்றிய கர்ப்பூரம் அதே இந்தோனேசிய நாட்டின் சுமத்ராத் தீவிலுள்ள பாருஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. இன்றோ அந்நாட்டுக் கடைகளில் 'கப்பூர் பாருஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் துணிகளுக்கு நடுவே வைக்கும் பூச்சி உருண்டையைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ஆரத்தித் தட்டில் அதை ஏற்றிவிடாதீர்கள்.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் முதலில் எங்களைத் தெற்கு முனையில், உலுவத்து ஆலயம் இருக்கும் பக்கத்துக்கு அழைத்துச் சென்றார். சுமார் எழுபது மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையின் விளிம்பில், அலைகளுக்கு மேலே அமர்ந்திருக்கிறது அந்தக் கோயில். பதினாறாம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரர்த்தர் என்னும் மகான் இங்கேதான் முக்தி அடைந்தார் என்பது பாலி மக்களின் நம்பிக்கை. இடுப்பில் வேட்டி போன்ற துணியும் கச்சையும் கட்டிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். கருவறைப் பிராகாரத்துக்குள் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதில் கைதேர்ந்தவை. என்னுடையது தப்பியது, எனக்கு முன்னால் சென்றவருடையது தப்பவில்லை.

அதற்குச் சற்றுத் தொலைவில், பாறை விளிம்பிலேயே ஒரு விடுதியின் புல்வெளி. அழகுக்குக் குறைவில்லை. "மாலை ஆறு மணிக்குச் சூரியன் கடலில் இறங்கும்போது தாலி கட்டலாம்" என்றார் ஏற்பாட்டாளர். அஸ்தமன வேளையில் மாங்கல்ய தாரணமா என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்த சிறு அகலை எடுத்து ஏற்ற முயன்றாள். ஏழு தீக்குச்சிகள் வீணாயின. "காற்று இப்படித்தான் இருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் எரிவாயுச் சுடர் வைத்துத் தருகிறோம், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்" என்றார் அவர். பார்ப்பதற்கு! அக்னியை வலம்வருவது புகைப்படத்துக்காகவா?

திரும்பும் வழியில் எங்கள் வாகன ஓட்டுநர்தான் வாய் திறந்தார். அவரும் பாலி இந்து. "எங்களில் யாரும் கடற்கரையில் கல்யாணம் செய்வதில்லை, ஐயா. குடும்பக் கோயிலின் முன்னால், வீட்டு முற்றத்தில்தான் நடக்கும்" என்றார். அவர்களுக்கு மலைப்பக்கம் புனிதத் திசை. அகுங் எரிமலையே அவர்களுடைய மேரு. கடற்பக்கம் அழுக்கைக் கழிக்கும் திசை. தகனத்துக்குப் பின் அஸ்தி கரைப்பது அங்கே. புத்தாண்டுக்கு முன்னர் ஆலயப் பொருள்களைச் சுமந்து சென்று தூய்மைப்படுத்துவதும் அங்கேதான். நம் மாசி மகத் தீர்த்தவாரி நினைவுக்கு வந்தது.

அந்தப் புத்தாண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சக ஆண்டுப் பிறப்பான 'ந்யெபி' நாளில் தீவு முழுவதும் விளக்கில்லை, அடுப்பில்லை, வெளியே நடமாட்டமில்லை. விமான நிலையமே இருபத்துநான்கு மணி நேரம் மூடப்படும். யுகாதியை ஒட்டி வரும் நாள் அது. 2026-இல் மார்ச் 19. அந்த வாரத்தில் முகூர்த்தம் குறிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மறுநாள் கிழக்குக் கரையிலுள்ள சானூருக்குச் சென்றோம். அங்கே சூரியன் கடலில் உதிக்கிறது. மனம் சற்றுத் தெளிந்தது. ஊருக்குள் ஒரு சிறு கோயிலருகே பெலன்ஜோங் கல்தூண் இருக்கிறது. 914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்னும் அரசனுடையது. சம்ஸ்கிருதத்திலும் பழைய பாலி மொழியிலும் எழுதப்பட்டது. துணி சுற்றி அதற்கு மரியாதை செய்கிறார்கள்.

கடற்கரை மணலில் அங்கும் காற்று இருந்தது. அந்தப் பருவத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று அந்தக் கரையில்தான் மோதும். ஓட்டுநர் எங்களை ஐந்து நிமிட நடைதூரத்தில், விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சுற்றிலும் மதில். வாயிலுக்கு நேர் உள்ளே ஒரு குறுக்குச் சுவர். தீய சக்திகள் நேராக நுழையாதிருக்க அப்படிக் கட்டுவார்களாம். காற்றும் நுழையவில்லை. உள்ளே திறந்த மண்டபங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். மண்டபங்களின் கூரை புல் வேய்ந்தது. எனவே ஹோமகுண்டத்தை முற்றத்தில்தான் வைக்கவேண்டும். படிகள் மூன்றே, முதியவர்களுக்குச் சிரமமில்லை. வாழை, தென்னங்குருத்து, வெற்றிலை, பாக்கு, செவ்வந்தி எல்லாம் அங்கேயே கிடைக்கும். அம்மி மட்டும் இல்லை. சமையலறையிலிருந்து கல்லால் ஆன அரைகல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். மிதிக்க அது போதும் என்று எங்கள் புரோகிதர் பிற்பாடு தொலைபேசியில் அனுமதி தந்தார். கூடவே, நம் பஞ்சாங்கத்து நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வூர் உதயத்தைக் கொண்டுதான் லக்னமும் ராகுகாலமும் கணிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வீட்டின் ஈசானிய மூலையில் ஒரு சிறு கோயில். உயர்ந்த கல் ஆசனம். அதன்மேல் விக்கிரகம் எதுவும் இல்லை. பத்மாசனம் என்கிறார்கள். உருவத்தில் அடங்காத பரம்பொருளுக்காக ஆசனத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு மூதாட்டி, தென்னை ஓலைத் தொன்னையில் பூக்களை அடுக்கி, ஊதுவத்தி வைத்து, பூவால் நீர் தெளித்து வணங்கினார். பிறகு தரையிலும் ஒரு தொன்னையை வைத்தார். பூமியில் இருப்பவர்களுக்காம். சிதம்பர ரகசியத்தின் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றேன். என் மனைவி அகலை ஏற்றினாள். முதல் குச்சியிலேயே பிடித்தது.

மகளிடம் காணொளியில் காட்டினேன். "கடல் தெரியலையே, அப்பா" என்றாள். குரல் கம்மியிருந்தது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. "பாலிகை கரைக்கக் கடலுக்குத்தானே போகப்போகிறோம், ஐந்து நிமிட நடை" என்றேன். அன்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள்தான் இசைந்தாள். அதற்கு அவளும் ஒரு நிபந்தனை விதித்தாள்: பந்தக்கால் கிராமத்து வீட்டில், பாட்டியின் கையால் மஞ்சள் பூசி நடப்படவேண்டும்; அதற்கு விடுப்பு எடுத்துக்கொண்டு தானே வருவாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வரும் வைகாசியில் முகூர்த்தம்.

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். காலியான ஆசனத்தைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். தொன்னை வைத்த மூதாட்டியைப் பற்றி மட்டும் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என் மனைவியை அழைத்து, "தாம்பூலத்தோடு அந்தம்மாவுக்கும் ஒரு புடவை எடுத்து வை. அரக்கு நிறமா இருக்கட்டும்" என்றார்.