கிளை க்ளியர்... நாரை அவுட்!

வேடந்தாங்கலுக்குக் கேமராவோட கிளம்பிட்டீங்களா? ஏரிக்கரையில ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்படி நிற்காமப் போய், சீனியர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கின கேமராவுல நூத்துக்கும் மேல படம் சுட்டுட்டு வந்தவன் சொல்றேன். ரூமுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, இலையெல்லாம் நரம்பு நரம்பாத் தெரியுது. நாரை மட்டும் பஞ்சுமிட்டாய் மாதிரி கலங்கிக் கிடக்கு!

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பணும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கணும், அதுதான் கண்டிஷன். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க.

கரையில் நின்னா, தண்ணிக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். ஒவ்வொண்ணும் ஒரு அபார்ட்மென்ட்தான். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம்னு ஒரே மரத்தில் ஏகப்பட்ட குடித்தனம். சத்தம் காதைப் பிளக்கும்.

வில்லங்கமே இந்தக் கிளைகள்தான். எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பண்ணணும்னு கேமராவையே முடிவெடுக்க விட்டா, அது பெரும்பாலும் எது கிட்டத்துல இருக்கோ, எதுக்கு விளிம்பு பளிச்னு இருக்கோ அதைத்தான் பிடிக்கும். கூட்டுக்கு முன்னாடி நூறு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கு. நாரை பாவம், அதுக்குப் பின்னாடி. பழைய கேமராவுக்கு நாரையும் தெரியாது, நாம எதுக்கு பஸ் ஏறி வந்தோம்னும் தெரியாது.

அதனால மெனுவுக்குள்ள போய், 'ஒரே புள்ளி'ன்னு மாத்திடுங்க. 2006-ல் வந்த கேனான் 400டி-யில் 9 புள்ளி, நிக்கான் டி40-யில் வெறும் 3. ரெண்டிலுமே நடுப்புள்ளிதான் கில்லாடி. அது நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு ரெண்டையும் பிடிக்கும். அந்த நடுப்புள்ளியைப் பறவை மேல வெச்சு, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்க. ஃபோகஸ் பூட்டிக்கும். விரலை எடுக்காம ஃப்ரேமை நகர்த்தி, முழுசா அழுத்துங்க.

பறவை மேலன்னா எங்கே? கண்ணுல! கொக்கோட வெள்ளை உடம்பில் வெச்சா, பிடிக்க ஒரு கோடுகூட இல்லாம லென்ஸ் முன்னும் பின்னும் அல்லாடும். கண்ணும் அலகும் சேருற இடத்துல வெச்சா டக்னு பிடிச்சுக்கும்.

பறக்கும்போது கதை வேற. வெறும் வானத்தில் எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டு, தொடர் ஃபோகஸ் வெச்சுக்கலாம். குழப்ப அங்கே கிளையே இல்லையே. மரத்துப் பக்கம் இறங்க ஆரம்பிச்சா, மறுபடி ஒத்தைப் புள்ளி.

இப்போ வர்ற மிரர்லெஸ் கேமராக்களில் பல, பறவையோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்குது. சரி பாஸ், ஒரு கூட்டில் நாலு கண்ணு இருந்தா எது நமக்கு வேணும்? அதை நாமதான் சொல்லணும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீங்க. பறக்குற ஷாட்டுக்காகக் கை தட்டுறது, கல்லு விடுறதெல்லாம் வேண்டாம். பெரிய பறவை பதறி எழுந்தா, குஞ்சு வெயில்ல தனியா கிடக்கும். சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டப்போ ஊர் மக்கள் போய் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு கொடுத்த ஏரி இது. பறவை எச்சம் கலந்த தண்ணிதான் அவங்க வயலுக்கு உரம். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தாச்சு.

அடுத்த வருஷம் அதே இரவல் கேமராவோட திரும்பப் போனேன். இந்த முறை ஒத்தைப் புள்ளி. ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கலை. கை கடுத்துடுச்சு. திடீர்னு ஒரு கூழைக்கடாக் குஞ்சு, தாயோட தொண்டைப் பைக்குள்ள தலையையே விட்டுச்சு. சில விநாடிதான். மெனுவைத் தேடியிருந்தா அவ்ளோதான்! தேறினது ஒரே படம். தாயோட கண் பளிச். முன்னாடி குறுக்கே போற அந்தக் கிளையும் படத்துல இருக்கு, கலங்கலா.