அடக்கப்படும் வயிறு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் மகளிர் விடுதிகளிலும் உட்கார்ந்து பேசும்போது, சம்பளத்துக்கு அடுத்து நாங்கள் அதிகம் கேட்பது வயிற்றைப் பற்றித்தான். நெஞ்செரிச்சல், உப்புசம், மூன்று நாளாகியும் போகாத மலம். எல்லாவற்றுக்கும் 'கேஸ் ட்ரபிள்' என்று ஒரே பெயர். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் ஒன்றுதான்.

இப்போது ஆயுர்வேதப் பொடி டப்பாக்களும் வந்துவிட்டன. கூடவே அறிவுரையும் வருகிறது: அதிகாலையில் எழு, நேரத்துக்குச் சாப்பிடு, குடலைச் சுத்தம் செய். நைட் ஷிஃப்ட் முடிந்து அதிகாலையில் படுக்கப் போகிறவரிடம்தான் இதைச் சொல்கிறார்கள்.

ஆயுர்வேதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை; படிக்கச் சொல்கிறோம். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 7ஆம் அத்தியாயம், உடலின் 13 இயற்கை வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் ஆகிய ஐந்தும் அதில் உண்டு. மலத்தை அடக்கினால் வயிற்றுவலி, தலைவலி, உப்புசம், கெண்டைக்கால் பிடிப்பு வரும் என்றும் சொல்கிறது. நம் சித்த மருத்துவமும் 14 வேகங்களைப் பேசுகிறது.

எங்களிடம் பேசும் பெண்கள் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்று ஆள் வரும்வரை லைனை விட்டு நகர முடியாது. இரண்டு முறை கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சரகர் அடக்காதே என்ற ஐந்தையும் ஒரே ஷிஃப்ட்டில் அடக்குகிறார்கள். இன்றைய மருத்துவமும் இதையேதான் விளக்குகிறது: அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சிவிடும், மலம் இறுகும், போக வேண்டும் என்ற உணர்வே நாளடைவில் மழுங்கும்.

அடுத்து சாதி. "நீங்க மாட்டுக்கறி தின்றீங்க, அதான் வயிறு கெடுது" என்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே சூத்திரஸ்தானத்தின் 27ஆம் அத்தியாயம், வாத நோய்க்கும் வறட்டு இருமலுக்கும் உடல் சோர்வுக்கும் அளவுமீறிய பசித்தீக்கும் மாட்டிறைச்சி நல்லது என்கிறது. மருத்துவ அறிவு மேல்சாதிச் சொத்தும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. நைட் ஷிஃப்ட் என்றால் வேலைக்குப் போகுமுன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ராகிக் களியும் கீரையும் இருக்கவே இருக்கிறது. நள்ளிரவில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சீரகம் போட்ட மோர் நல்லது. வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம், அது குடலைப் புண்ணாக்கும். கடுக்காயோ திரிபலாவோ எடுப்பதானால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டு எடுங்கள். லேபிள் இல்லாத பொடியில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் எந்தப் பொடியும் வேண்டாம், இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ஆனால் மோர் குடித்தவரையும் லைன் விடப்போவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே குடிநீரை 18ஆம் பிரிவிலும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையை 19ஆம் பிரிவிலும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வை 55ஆம் பிரிவிலும் எழுதிவைத்தது. கழிப்பறை சுவருக்குள் இருந்தால் போதாது, போக நேரமும் வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை தொழிலாளர்களைச் சந்திக்கும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், எப்போது கழிப்பறை போனீர்கள்? கூச்சம் விட்டு அவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். நம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரி அதிலிருந்துதான் வர வேண்டும்.