அண்ணன் இப்போது எங்கே?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வழி கேட்க நாலு பேர் உள்ள ஊரில் அது சரி. ஈ காக்கைகூட இல்லாத மணற்காட்டில் யாரிடம் கேட்பது? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழக் காரணம் என் அண்ணன். செங்கற்பட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் தொழில் பழகியவன், இப்போது ஒரு பந்தயக் குழுவில் மெக்கானிக். பாலைவனங்களுக்குப் போய் வருகிறான். அப்பாவோ மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பைபர் படகு வைத்திருப்பவர். ஒருவர் மணலில், ஒருவர் கடலில். ஆகவே அம்மாவுக்கு நாள்தோறும் இரண்டு ஜெபமாலை. போதாதற்கு, காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனித அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி.

டாக்கர் ராலி என்ற பந்தயம் 1978 டிசம்பரில் பாரிஸ் நகரில் தொடங்கியது. அதை உண்டாக்கிய தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு பந்தயத்தில் லிபியப் பாலைவனத்தில் வழி தவறித் தவித்தவர். அந்தத் தவிப்பிலிருந்து ஒரு பந்தயத்தையே படைத்தார் என்றால் மனித மனத்தை என்னவென்பது! 1982ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் சகாராவில் ஆறு நாள் காணாமற்போனார். அல்ஜீரிய ராணுவ விமானம் ஒன்று அவரைக் கண்டுபிடித்தது. பிரதமரின் மகனுக்கே அந்தக் கதி. ஏனெனில் அன்று வண்டியில் இருந்தவை வரைபடமும் திசைகாட்டியும்தான்.

இன்று ஒவ்வொரு வண்டியிலும் 'இரிட்ராக்' என்னும் கருவி கட்டாயம். விடுமுறைக்கு வந்த அண்ணன், சோற்றுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு எனக்கு இதை விளக்கினான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைப் பார்ப்பதில்லை! "இப்போது மணி இன்னது, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் கூவிக்கொண்டே போகின்றன, அவ்வளவே. நான்கு கோள்களின் கூவலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கருவி தானே தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. மைல்கல்லுக்கு நாம் யாரென்று தெரியுமா? அதுபோலத்தான். அந்த இருப்பிடத்தைப் பிறருக்குச் சொல்ல வேண்டுமானால் வேறொரு செயற்கைக்கோள் வேண்டும். இரிட்ராக் அதற்கு 780 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இரிடியம் கோள்களை நாடுகிறது. வண்டி கவிழ்ந்தாலோ, ஓட்டுநர் பொத்தானை அழுத்தினாலோ பந்தயத் தலைமையகத்தில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, தோழியரே. தலைமையகத்துக்கு வண்டி எங்கே என்று தெரியும், ஓட்டுபவருக்கோ தெரியக்கூடாது! வழியைத் தாமே கண்டுபிடிப்பதுதான் போட்டி. வழிக்குறிப்பும் திசையும் தூரமும் மட்டுமே அவருக்கு. கிராமங்களில் மிதமிஞ்சிய வேகத்தில் போனால் அதே கருவி காட்டிக்கொடுத்துத் தண்டனையும் வாங்கித் தரும். காவல் தூதரும் கணக்குப்பிள்ளையும் ஒரே பெட்டிக்குள் என்பான் அண்ணன்.

நம் நாட்டவரும் அங்கே சாதித்திருக்கிறார்கள். கேரளத்தின் ஷொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டாக்கரில் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார். பெண்களாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டிய பெயர் பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே. 2018இல் ஸ்பெயினில் விழுந்து கடுமையாகக் காயமுற்றவர், 2019இல் பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார்.

ஆயினும் 2020 ஜனவரியில் போர்த்துக்கீசிய வீரர் பாலோ கொன்சால்வெஸ் விழுந்தபோது, எச்சரிக்கை கிடைத்துச் சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் போயும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இதை அண்ணன் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்.

இனி அப்பாவின் கதை. எங்கள் கரையில் வழி அறிவது பழைய வித்தை. மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோபுரங்கள்' என்று அழைத்தது, கடலிலிருந்து அதை அடையாளமாக வைத்துக்கொண்டதால்தான். இன்றைய கலங்கரை விளக்கம் எழும்புமுன் அருகிலுள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியே விளக்கேற்றும் இடமாயிருந்தது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிமலையருகேதான், 1802இல் லாம்டன் இந்தியாவை அளக்கும் தம் முதற்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அப்பாவுக்கு லாம்டனைத் தெரியாது. ஆனால் குன்றும் விளக்கமும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்த்தே வலை போட்ட இடத்துக்குத் திரும்பி வருவார்.

கரை தெரியாத தொலைவில் அந்த வித்தை உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதன்பின் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. கரையிலிருந்து செய்தி அனுப்பலாம். படகிலிருந்து அபாயம் அறிவிக்கலாம். அப்பாவின் சிறு படகில் அது இல்லை. ஒரு செல்பேசி, அதுவும் பாலித்தீன் பையில் சுற்றியது. விளையாட்டுக்கு மணலில் ஓடுகிறவருக்கு உள்ள காவல், வயிற்றுப்பாட்டுக்கு அலையில் போகிறவருக்கு இல்லையே என்று எனக்குச் சினம் வரத்தான் செய்கிறது.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து உள்ளங்கையளவு செயற்கைக்கோள் கருவி ஒன்று வாங்கிவர நினைத்தான். சாகசச் சுற்றுலா போகிறவர்கள் பையில் மாட்டிக்கொள்ளும் சாதனம் அது. ஆனால் நம் நாட்டில் உரிமம் இன்றி அதை வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்தில் அதனுடன் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. பயங்கரவாதிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எனவே அண்ணன் அந்த எண்ணத்தை விட்டுவிட்டான்.

இஸ்ரோவிடமே இன்னொரு கருவி உண்டு: அபாய அறிவிப்புக் கருவி. 2010 முதல் வழக்கில் இருக்கிறது. அதன் புதிய வடிவில், அழுத்தியவருக்கே "உம் செய்தி கிடைத்தது" என்று பதிலும் வரும். இதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டவர், "பதில் வருமா? அப்போ சரி. பதில் வராத பொத்தான அழுத்திட்டு நடுக்கடல்ல எப்படிம்மா ஒக்காந்திருக்கறது?" என்றார்.

மறுநாள் கருவிக்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்று விசாரிக்க அம்மாவே கிளம்பிவிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத்தான் போனார்.